குறை எப்போது வருகிறது என்று கேளுங்கள்

வீட்டில் பாடிப் பதிவு செய்ததைக் கேட்டதும், புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது தங்கள் குரலை. அடுத்து மைக்கை. அறையைப் பற்றி யாராவது எடுத்துச் சொன்னால்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. நன்றாகப் பாடுகிறவர்கள் "என் குரல் ரெக்கார்டிங்குக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் குரலில் ஒரு குறையும் இருக்காது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரில்தான் குறை இருக்கும்.

நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலர் தங்கள் பதிவுகளை எனக்கு அனுப்பிக் கேட்கச் சொல்வார்கள். கூடவே ஒரு வரி இருக்கும்: "ஏதோ சரியில்லை, என்னன்னு தெரியல." அந்த 'ஏதோ'வைப் பிடிக்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். குறை எப்போது வருகிறது என்று பார்ப்பேன். பாடாதபோதும் இருக்கிறதா, பாடும்போது மட்டும் வருகிறதா, பாடி முடித்த அடுத்த நொடியில் தெரிகிறதா, சில எழுத்துகளில் மட்டுமா, மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மட்டுமா, இல்லை, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் அங்கங்கே வருகிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் குரல் உங்களுக்கே அந்நியமாகக் கேட்பது குறை கிடையாது. பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. அந்த வழியில் கீழ் அதிர்வெண்கள் நன்றாகக் கடத்தப்படுவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை, அதனால் மெலிந்து தெரிகிறது. மற்றவர்கள் காலமெல்லாம் கேட்டு வந்தது அந்தக் குரலைத்தான். இதைச் சரிசெய்கிறேன் என்று ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) பேஸை, அதாவது கீழ் அதிர்வெண்களை, ஏற்றாதீர்கள். தினமும் கொஞ்சம் கேட்டுவந்தால் பழகிவிடும்.

சரி, இப்போது கேட்கலாம். பின்னணி இசையை மியூட் செய்யுங்கள், ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) முதலான எல்லா எஃபெக்டையும் எடுத்துவிடுங்கள், குரல் டிராக்கை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் வரி தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் சில நொடிகளைத்தான் நான் முதலில் கேட்பேன். யாரும் பாடாத அந்த இடத்தில் அறையும் மின்சாரமும் தெளிவாகப் பேசும். பலர் இந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். வெட்டாதீர்கள், அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

அங்கே தாழ்ந்த சுருதியில் ஒரு 'ம்ம்ம்' நிற்காமல் ஓடினால் அது மின்சாரத்திலிருந்து வருவது. மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் நாடுகளில் 50, 100, 150 என்றும், 60 ஆக இருக்கும் நாடுகளில் 60, 120, 180 என்றும் அதன் மடங்குகளில் இது உட்கார்ந்திருக்கும். ஒரு தோழி அனுப்பிய பதிவில் இந்த ரீங்காரம் குரலுக்கு அடியில் ஒரு தம்பூரா மாதிரி விடாமல் இருந்தது, அதுவும் பாட்டின் சுருதியோடு சேராத தம்பூரா. கேபிளை மாற்றிப் பார்த்தார், மைக்கை மாற்றிப் பார்த்தார், போகவில்லை. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொன்னேன். மறைந்துவிட்டது. இது மிகச் சாதாரணமாக நடப்பது. சார்ஜரைக் கழற்றியும் போகவில்லை என்றால் மைக் கேபிள் ஏதாவது பவர் அடாப்டருக்கு ஒட்டி ஓடுகிறதா பாருங்கள், இன்டர்ஃபேஸை (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் அதே சத்தம் திரும்பி வரும்.

'உஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல் என்றால் கெயின் கதை, அதாவது மைக்கிலிருந்து வருவதை எவ்வளவு பெருக்குகிறோம் என்பது. மைக்கிலிருந்து தூரமாக நின்று மெதுவாகப் பாடி அதை ஈடுகட்ட கெயினை ஏற்றியிருப்பார்கள். டைனமிக் மைக் (உணர்திறன் குறைந்த வகை) சிலவற்றுக்கு 60 டெசிபல் அளவுக்குக்கூட கெயின் தேவைப்படும், மலிவான இன்டர்ஃபேஸ்கள் அங்கே மூச்சுத்திணறும். நெருங்கி நின்று பாடுவதே இதற்கு முதல் மருந்து. ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் சத்தத்தை நீங்களே அடையாளம் கண்டுவிடுவீர்கள், பாடும் நேரத்துக்கு அணைத்துவையுங்கள். அணைக்க முடியாத சத்தம் என்றால் மைக்கின் முதுகு அந்தப் பக்கம் பார்க்கும்படி திருப்புங்கள். வீட்டில் பயன்படுத்தும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை, முன்னால் இருப்பதை நன்றாகவும் நேர் பின்னால் இருப்பதை மிகக் குறைவாகவும் கேட்கும்.

இரைச்சல் நீக்கும் கருவி ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே இருக்கிறது. பாடாத இடத்தைக் காட்டி 'இதுதான் இரைச்சல்' என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால் டிராக் முழுக்க அதைக் குறைத்துத் தரும். கொஞ்சமாகப் போட்டால் நல்லது செய்யும். அதிகம் போட்டால் குரலில் ஒரு உலோகச் சலசலப்பு ஏறிவிடும், மூச்சுகள் பாதியில் அறுபடும். எனக்கு அந்தச் சலசலப்பைவிட லேசான ஃபேன் சத்தமே மேல்.

இப்போது ஒரு வரி முடிந்த அடுத்த நொடியைக் கேளுங்கள். குரல் நின்றபின் அதன் வால் அறையில் இழுபடுகிறதா? வால் தெரியாவிட்டாலும், குரல் ஒரு டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் அறைதான். எனக்கு வரும் பதிவுகளில் மிக அதிகமாக இருப்பதும் இதுதான், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். உங்கள் வாயிலிருந்து நேராக மைக்குக்குப் போகும் குரல் ஒன்று. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பி வரும் குரல் இன்னொன்று, அது சுமார் இரண்டு மீட்டர் கூடுதலாகப் பயணித்து 6 மில்லிநொடி தாமதமாக வந்து சேர்கிறது. இவ்வளவு குறைந்த இடைவெளியை நம் காது தனி எதிரொலியாகக் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று கூட்டும், சில ஒன்றையொன்று அழிக்கும். அந்த மேடுபள்ளம்தான் டப்பாக் குரல். ஈக்யூவில் இதைச் சரிசெய்ய முடியாததற்குக் காரணமும் இதுவே: நீங்கள் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே மேடும் பள்ளமும் இடம் மாறிவிடும்.

"அறையில் பாடும்போது நன்றாகத்தானே இருக்கிறது?" என்பார்கள். இருக்கும். இரண்டு காதும் அவற்றுக்குப் பின்னால் ஒரு மூளையும் இருப்பதால் நேரில் கேட்கும்போது அறையைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒற்றை மைக்குக்கு அந்த வசதி இல்லை, வந்ததையெல்லாம் எழுதிவைக்கும்.

இதற்கு எளிய வழி, செலவே இல்லாதது, நெருங்குவது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருந்ததை 15 ஆக்கினால் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும், சுவர்களிலிருந்து வருவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். கெயினைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் அறை அந்த அளவுக்குப் பின்னால் போய்விடும். ஒரு சாணுக்கும் குறைவான தூரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உறிஞ்சும் பொருள். இங்கேதான் பணம் வீணாகிறது. மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மெல்லிய ஃபோம் பலகைகளை ஒட்டுகிறார்கள், முட்டை அட்டைகளைக்கூட ஒட்டுகிறார்கள். ஒலியைத் தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு, முட்டை அட்டை இரண்டையுமே உருப்படியாகச் செய்யாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர், ஒரு விரல் தடிமன் ஃபோம் அதை ஒன்றும் செய்ய முடியாது. மேல் அதிர்வெண்களை மட்டும் தின்றுவிட்டுக் கீழே இருக்கும் மந்தத்தை அப்படியே விட்டுவிடும். ஃபோம் ஒட்டிய பிறகு குரல் இன்னும் அடைத்துக்கொண்டு கேட்கிறது என்று சிலர் சொல்வது இதனால்தான். தடிமனான பொருள் வேண்டும். மெத்தை, கனமான போர்வைகளை இரண்டு மூன்று மடிப்பாக, அதுவும் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

எங்கே தொங்கவிடுவது என்பதுதான் முக்கியம். கார்டியாய்டு மைக் தனக்கு முன்னால் இருப்பதைக் கேட்கிறது என்று சொன்னேன். அதற்கு முன்னால் இருப்பது யார்? நீங்கள். உங்களுக்குப் பின்னால்? சுவர். ஆகவே முதல் போர்வை உங்கள் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். துணி நிறைந்த அலமாரியின் கதவுகளை விரியத் திறந்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடிப் பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும். அலமாரிக்கு உள்ளேயே புகுந்து பாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவ்வளவு சின்ன இடத்தில் குரலின் கீழ்ப்பகுதி வீங்கிவிடும், வியர்த்துக்கொண்டு யாராலும் உணர்ந்து பாட முடியாது. அறையின் மூலையையும், அளவெடுத்தாற்போல நட்ட நடுவையும் தவிர்த்து, இரண்டுக்கும் இடையில் எங்காவது நில்லுங்கள்.

நெருங்கினால் வேறு இரண்டு தொல்லைகள் வரும். கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்க பேஸ் கூடும், கொஞ்சம் வரை அது குரலுக்கு அழகு, அளவு மீறினால் கும்மென்று ஆகிவிடும். இன்னொன்று 'ப'. உள்ளங்கையை வாய்க்கு நேராகப் பிடித்து, அழுத்தம் கொடுத்து 'ப' சொல்லும் ஒரு வரியைப் பாடிப் பாருங்கள். கையில் காற்று அடிக்கும். அந்தக் காற்று மைக்கின் சவ்வில் அடிப்பதுதான் பதிவில் கேட்கும் 'தொப்' சத்தம். வேவ்ஃபார்மை (திரையில் தெரியும் ஒலியின் வரைபடம்) பெரிதாக்கினால் சொல்லின் தொடக்கத்தில் அகலமான ஒற்றை மேடாகத் தெரியும். பாப் ஃபில்டரை (அந்தக் காற்றைத் தடுக்கும் வலைத்திரை) மைக்குக்கு முன்னால் நான்கு விரல்கடை தள்ளி வையுங்கள். அதோடு மைக்கை மூக்கின் உயரத்துக்கு ஏற்றி, வாயை நோக்கிச் சற்றுச் சாய்த்துவிட்டால் காற்று அடியில் ஓடிப்போகும், குரல் மட்டும் மைக்கில் படும். ஏற்கனவே பதிவாகிவிட்ட 'தொப்'புக்கு அந்த இடத்தில் மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், முழு டிராக்கையும் மெலிய வைக்க வேண்டியதில்லை.

ச, ஸ, ஷ வரும் இடங்களில் காதைக் குத்தினால் அது பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கும். விலை குறைந்த கன்டென்ஸர் மைக் (உணர்திறன் மிகுந்த வகை) பலவும் அந்தப் பகுதியைத் தூக்கிக் காட்டும்படி செய்யப்பட்டவை. இங்கும் மைக்கைப் பக்கவாட்டில் சில பாகை திருப்புவது முதல் வைத்தியம், டீ-எஸ்ஸர் (இந்த எழுத்துகளின் கூர்மையை மட்டும் அடக்கும் கருவி) அதற்கு அப்புறம்தான்.

மேல் ஸ்தாயியில் மட்டும் குரல் கரகரத்து உடைகிறது என்றால் கெயினைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார்கள். "ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு" என்று பேசிப் பார்த்துக் கெயின் வைத்துவிட்டு, சரணத்தில் உச்சத்துக்குப் போகும்போது சிவப்பு விளக்கு எரிகிறது. பாட்டில் எந்த வரியில் குரல் மிக உரக்கப் போகுமோ அந்த வரியை முழுக் குரலில் பாடிக்கொண்டே கெயினை வையுங்கள், அங்கே மீட்டர் -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் இடையில் நின்றால் போதும். மென்பொருளில் 24 பிட் என்ற அமைப்பில் பதிவு செய்யும்போது அளவு குறைவாக இருப்பதால் தரம் கெட்டுவிடாது, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் 0க்கு மேல் போய் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டால், டிராக்கின் ஒலியளவைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு சின்னச் சத்தத்தில் அப்படியே இருக்கும். சேதம் நுழைவாயிலிலேயே நடந்துவிட்டது. உச்ச வரிகளில் ஒரு அடி பின்னால் சாய்வது, இல்லாவிட்டால் அந்த வரிகளை மட்டும் கெயின் குறைத்துத் தனி டேக்காக எடுப்பது, இரண்டுமே நல்ல பழக்கம்.

இதற்கு நேர்மாறாக ஒரு குறை உண்டு, பலரைத் திண்டாட வைப்பது. பேச்சு நன்றாகப் பதிவாகும், பாட்டில் கார்வை கொடுத்து நீட்டினால் மட்டும் குரல் தானாகத் தேய்ந்து மறைந்து, திடீரென்று திரும்ப வரும். மூச்சில் கோளாறோ என்றுகூடப் பயப்படுகிறார்கள். கம்ப்யூட்டரிலோ போனிலோ இரைச்சல் குறைப்பு வசதி முடுக்கப்பட்டிருக்கும். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாமல் ஒரே சீராக நீளும் ஒலியை ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். மைக் அமைப்புகளுக்குள் போய் ஒலியை 'மேம்படுத்துவதாக'ச் சொல்லும் எதையும், தானியங்கிக் கெயின் உட்பட, அணைத்துவிடுங்கள்.

குரல் எட்டத்திலிருந்து மங்கலாக வந்தால் பதிவாவது நீங்கள் நினைக்கும் மைக்தானா என்று ஒருமுறை சோதியுங்கள். மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். ஹெட்ஃபோனில் 'சரக்' என்று கேட்க வேண்டும். கேட்காமல், லேப்டாப்பின் மேல் சுரண்டினால் கேட்கிறது என்றால் மென்பொருள் லேப்டாப்பின் மைக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய கன்டென்ஸர் மைக்குகளில் பலவற்றுக்குப் பக்கவாட்டில்தான் பாட வேண்டும், நுனியில் பாடினாலும் மறுபக்கம் பாடினாலும் மங்கிவிடும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் கேபிள்) கன்டென்ஸர் என்றால் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானும் இன்டர்ஃபேஸில் போட்டிருக்க வேண்டும்.

பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் அங்கங்கே 'டிக் டிக்' என்று தெறித்தால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். பஃபர் அளவை (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) ஏற்றுங்கள். ஆனால் ஏற்றினால் உங்கள் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாக வரும்: 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலித் துணுக்கு) 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிநொடிதான், 1024 என்றால் 21 மில்லிநொடி, போய் வருவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தத் தாமதத்தோடு பாடும்போது தாளம் பின்னால் சறுக்கும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று, குரலைக் கம்ப்யூட்டர் வழியாகப் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் ஒரு பொத்தான் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு மென்பொருள் வழியாக வரும் குரலை அணைத்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் உங்கள் குரலே உங்களுக்கு இரட்டையாகக் கேட்கும். புளூடூத் ஹெட்ஃபோன் போட்டுப் பாடவே வேண்டாம், தாமதம் நூறு மில்லிநொடியைச் சாதாரணமாகத் தாண்டும்.

ரெக்கார்டிங்கின்போது சேர்ந்திருந்த சுருதி அப்புறம் கேட்கும்போது மொத்தமாக விலகியிருந்தால் உங்கள் ஞானத்தைச் சந்தேகப்படாதீர்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் பாட்டு வேகமாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். புராஜெக்டிலும் இன்டர்ஃபேஸிலும் ஒரே எண் இருக்கிறதா பாருங்கள். அங்கங்கே மட்டும் சுருதி லேசாக விலகுகிறது என்றால் ஹெட்ஃபோனில் இசை அளவுக்கு மீறி உரக்க இருக்கலாம். குறைத்துவிட்டு, ஒரு காதைப் பாதி திறந்து வைத்துப் பாடுங்கள். திறந்த காதின் பக்கம் ஹெட்ஃபோனை கன்னத்தோடு அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாளத்தின் கிளிக் சத்தம் கசிந்து மைக்குக்குள் போய்விடும்.

கம்ப்ரஸர், ரிவெர்ப் எல்லாம் இதற்கெல்லாம் பிறகு. கம்ப்ரஸர் உரத்ததை அடக்கிச் சன்னமானதை மேலே கொண்டுவரும் கருவி, அதனால் அறையின் வாலையும் ஃபேனையும் சேர்த்தே மேலே கொண்டுவரும். ரிவெர்ப் போட்டு டப்பாக் குரலை மறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, மறையாது. டப்பாவை ஒரு மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைத்ததாகத்தான் கேட்கும்.

முழுப் பாட்டையும் பாடிவிட்டு உட்கார்ந்து கேட்பதைவிட, முன்கூட்டியே அரை நிமிடம் சோதனைப் பதிவு எடுப்பது எவ்வளவோ மேல். சில நொடி சும்மா நில்லுங்கள், பாட்டின் மிகத் தாழ்ந்த வரி, மிக உயர்ந்த வரி, 'ப'வும் 'ச'வும் நிறைந்த ஒரு வரி, நீளமான ஒரு கார்வை, மறுபடி சில நொடி சும்மா. மேலே சொன்ன எல்லாக் குறையும் வந்தால் இதிலேயே வந்துவிடும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, பாதம் இருந்த இடத்திலும் ஸ்டாண்டின் கால்கள் இருந்த இடத்திலும் தரையில் டேப் ஒட்டுங்கள், கெயின் குமிழ் எந்த எண்ணில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரே ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடிச் சேர்க்க வேண்டிவரும். நான்கு விரல் தள்ளி நின்று பாடினாலும் அந்த வரி மட்டும் வேறு அறையில் பாடியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.